கீழேயிருந்து படிக்கணும்

கணவன் படத்துக்குக் கீழே பெயரை அடித்தாள் வேல்விழி. எழுத்து வரவில்லை. கட்டம் கட்டமாக நின்றது. போன வாரம்தான் வாங்கிய கணினி. தமிழை இன்னும் அதில் சேர்க்காமலே, நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான் குற்றாலீஸ்வரன். தென்காசியில் பாதிப் பேருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்த கடை இது. அதன் முதலாளிக்கே ஒன்று அடிக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், அவன் ஐஸ் பெட்டியில் கிடந்தான்.

“சுரண்டையில அடிச்சுக்கிடலாம், மதினி,” என்றான் கொழுந்தன் நல்லதம்பி. “இந்தப் பொட்டி அண்ணன் சொன்னாத்தான் கேக்கும். கடையையும் யாருக்காவது குடுத்திருவோம். இனி யாரு பாக்க?”

“நான் பாக்கேன்.”

அவன் வெளியே போனான்.

போன வருஷம் கடைக் கணினிகளை நிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாற்றியிருந்தான் குற்றாலீஸ்வரன். அதில் எது வேண்டுமென்றாலும் ஒரே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எழுதாதது கணினியில் இருக்காது. கற்றுக்கொள்கிறேன் என்று மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் திரை நிறையச் சிவப்பாகப் பிழை கொட்டும். முதல் வரியிலிருந்து படிப்பாள். பாதியிலேயே தலை சுற்றும். “விடுட்டி, ஒன் மண்டையில ஏறாது,” என்பான். சே, அதை நம்பித் தொலைத்தாளே!

கடையில் வேலை பார்க்கும் ஷஹானா அச்சன்புதூரிலிருந்து வந்துசேர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பில் தமிழ் எழுத்துருவுக்கு ஒரு வரி சேர்த்தாள். திரை சிவந்தது. அவள் அசரவில்லை. நேராகக் கடைசி வரியைப் பார்த்து ஓரிடத்தைத் திருத்தினாள். கட்டங்கள் எழுத்தாயின.

“எப்படிட்டி?”

“கீழேயிருந்து படிக்கணும்க்கா. தப்பு என்னன்னு கடைசியிலதான் இருக்கும். அண்ணாச்சி மொத நாளே சொல்லித் தந்தாவ. ஆறு மாசம் ஒண்ணும் வெளங்காது, எல்லாருக்கும் அப்பிடித்தான், விட்டுராதம்மான்னாவ.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

ஷஹானா விழித்தாள். “அவளுக்கு இதுல இஷ்டமில்லன்னு அண்ணாச்சி...” பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வேல்விழி திரையிலிருந்த படத்தின் பக்கம் திரும்பினாள். நேற்றிலிருந்து அழுததெல்லாம் இவனுக்காகவா? படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பாவி மனுஷா,” என்றாள் அதைப் பார்த்து. பிறகு, “ஷஹானா, பழையபடி ஆக்கு.”

“எக்கா, இப்பதான வந்துச்சு...”

“ஆக்குட்டி. நான் அடிக்கேன்.”

ஷஹானா ஒரே கட்டளையில் பின்னுக்குத் திருப்பினாள். மறுபடி கட்டங்கள்.

வாசலில் மாமியார் வடிவம்மாள் வந்து நின்றாள். “ஏட்டி, எம்புள்ள பொணமாக் கெடக்கான், நீ இங்கன பொட்டி தட்டிக்கிட்டிருக்கியே! குளிப்பாட்டுமுன்ன அவன் தலையில எண்ணெ வைக்கணும், வா.”

“வாரேன் அத்த. ஒங்க புள்ளைக்குத்தான் அடிக்கேன்.”

அடித்தாள். திரை சிவந்தது. கண் பழக்கத்தில் மேலே போனது. இழுத்துக் கீழே கொண்டுவந்தாள். கடைசி வரி. அடைப்புக்குறி ஒன்றை மூடாமல் விட்டிருந்தாள். மூடினாள். அவன் பெயர் முழுதாக வந்தது.

அச்சு இயந்திரம் இரைந்தது. பேனர் அடிப்பக்கமாக வெளியே வரத் தொடங்கியது. குடும்பத்தார் பெயர்கள், அவன் பெயர், சட்டைக் காலர், சிரித்த வாய். கண்கள் வருவதற்குள் அவள் எழுந்து எண்ணெய் வைக்கப் போனாள்.