பத்தி மாறினால் இரண்டு செருமல்

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. மூன்றாம் வகுப்பு டீச்சர் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. "வாய்விட்டு அழுதுடுடி, இல்லன்னா உள்ளயே கட்டிக்கும்" என்று போனில் சொல்லிச் சொல்லி அக்காவுக்கே சலித்துவிட்டது. வந்தால்தானே அழ? பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. பள்ளிக்கு வந்தாள், வருகை எடுத்தாள், பிள்ளைகள் பாடம் கேட்கும் டேப்லெட்டுகளில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள்.

அந்த டேப்புகளில்தான் மனிதர் இருந்தார். பாடம் ஒலிக்க ஒலிக்க, திரையில் அந்தந்த வார்த்தை மஞ்சளாகும். பிள்ளைகள் விரல் வைத்துக் கூடவே வாசிக்க வேண்டும். டேப்போடு வந்த இயந்திரக் குரலுக்கு வகுப்பே கொட்டாவி விட்டது. அதனால் வீட்டுக்காரரைப் பிடித்துச் சமையலறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, பாடங்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்தாள். பத்தி மாறும்போதெல்லாம் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவது அவர் பழக்கம். வெட்டிவிடலாம் என்றாள். "இருக்கட்டுமே, பிள்ளைங்க மூச்சு வாங்கிக்கட்டும்" என்றார். பாதிப் புத்தகம் முடிவதற்குள் ஆளே போய்விட்டார்.

பிள்ளைகள் காதில் ஹெட்ஃபோன் இருப்பதால், அவளுக்கு உதடுகள் அசைவது மட்டும்தான் தெரியும். ஒருநாளும் அதை வாங்கித் தன் காதில் வைக்கவில்லை. பயமா என்றால் அதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை.

வகுப்பில் சிட்டு என்று ஒருத்தி. முன்பெல்லாம் புத்தகத்தை எடுத்தாலே மேசைக்கடியில் போய்விடுவாள். இப்போது டேப்போடு சேர்ந்து கடகடவென்று வாசிக்கிறாள். தலைமை ஆசிரியை நம்பவில்லை. எல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம், வெறும் கிளிப்பிள்ளை என்றார். தானாக ஒரு பாடம் வாசிக்காவிட்டால் இரண்டாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். முன்பானால் டீச்சர் மல்லுக்கு நின்றிருப்பாள். இப்போது சரி என்று தலையாட்டினாள்.

தலைமை ஆசிரியை இருவரையும் தன் அறைக்கு வரவழைத்து, அச்சுப் புத்தகத்தை எடுத்து, பதிவே செய்யாத பின்பாதியில் ஒரு பாடத்தை விரித்தார். சிட்டு விரலை வைத்தாள். "ஆற்றில்... வெள்ளம்... வடிந்தது." எழுத்தெழுத்தாக ஒட்டவைத்து, திக்கித் திணறி, முதல் பத்தியைக் கரையேற்றினாள். அங்கே நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டு, பெரிய மனுஷன் கணக்காக இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். பிறகு அடுத்த பத்திக்குப் போனாள்.

"என்ன பாப்பா, சளியா?" என்றார் தலைமை ஆசிரியை.

"இல்ல மிஸ். பத்தி மாறினா அப்படித்தான் படிக்கணும்."

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை தேறிவிட்டாள், மூன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்றார். டீச்சர் பக்கம் திரும்பி, "இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு மாதமாக வராதது மொத்தமாக வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று சிட்டு பயந்துபோனாள். விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோய், திரும்ப வாசித்து, பத்தி முடிந்த இடத்தில் இந்தத் தடவை இன்னும் பலமாகச் செருமினாள்.