அறுபத்திரண்டு மீன்களின் பதிப்பு எண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பொய்த் தாளிலிருந்து கிடைத்தது. பொய் சொன்னவருக்கே அது பொய் என்று தெரியாது. இரண்டு வருடம் மாதா மாதம் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற பொறுமை எனக்குக் கிடையாது.

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரி: "கிள்ளான் துறைமுகத்தின் மேல் வெள்ளிக்கிழமை வானம் ஈயத் தகடுபோல—"

அடித்துவிட்டேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவன் வானத்தைப் பார்ப்பதில்லை; தலைக்கு மேல் நாற்பது டன் சரக்குப் பெட்டி போகிறதா என்றுதான் பார்ப்பான். என் அப்பா இருபத்தாறு வருடம் கப்பல் தளத்தில் பெட்டிகளை இரும்புக் கம்பி போட்டு இறுக்கியவர். வானத்தைப் பற்றி அவர் பேசியதெல்லாம் மழை வந்தால் கம்பி வழுக்கும் என்பதுதான்.

இரண்டாவது தொடக்கம்: "ஜாவியா அக்கா விசைப்பலகையில் கை வைத்தபோது காலை மணி ஒன்பது பத்து." இது போதும். இதோடு போவோம்.

2

ஜாவியா, கோலசிலாங்கூர் மலாய்க்காரர், நாற்பத்து நாலு வயது. எங்கள் பெட்டித் தளத்தின் தரவுத்தள சர்வர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே இரண்டு பேர். பக்கத்து மேசையில் நான். லாரி வாயிலில் வரிசை நின்றால் முதல் போன் எனக்கு வரும், முதல் திட்டும் எனக்குத்தான்.

சர்வர்கள் மொத்தம் அறுபத்திரண்டு. வாயில், எடைமேடை, கிரேன், சுங்கம் என்று ஒவ்வொன்றும் தன் கணக்கை ஏதோ ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மலாய் மீன் பெயர். ஆரம்பத்தில் இருந்த ஆள் மீனவர் வீட்டுப் பிள்ளை, வைத்துவிட்டுப் போய்விட்டார். அதனால் எங்கள் அறையில் "பாவால் மூச்சு வாங்குது", "செலார்ல இடமே இல்ல" என்று பேச்சு ஓடும். புதிதாக வருகிறவர்கள் கேண்டீன் விஷயம் என்று நினைப்பார்கள். எல்லாவற்றிலும் பெரியது தெங்கிரி. லாரி வாயிலும் பெட்டி அடுக்கும் அதில்தான் ஓடின.

ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒரு எஞ்சின் ஓடுகிறது. அதைச் செய்தவர்கள் ஓட்டை கண்டுபிடித்தால் ஒட்டு அனுப்புவார்கள். ஒட்டுப் போட்டால் பதிப்பு எண் மாறும். அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்க முடியாது என்று ஜாவியா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். கறுப்புத் திரை, ஒரே வரி, ஒரு தட்டு. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு மீனின் கதவையும் தட்டி, உன் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடும். புதிய எண் என்றால் பச்சை, பழையது என்றால் சிவப்பு. இரண்டு வருடமாக எல்லாம் பச்சை.

அந்த வெள்ளி மாலை மூன்று மணிக்குத் தலைமையகத்துத் தணிக்கையாளர் வருகிறார். பதிப்புத் தாள் தேறாவிட்டால் தரவுத்தளப் பிரிவைக் கலைத்து வெளி நிறுவனத்திடம் கொடுப்பதாகக் கடிதம் வந்திருந்தது. மூன்று பேர் வேலை. தணிக்கைப் படிவத்தில் இந்த முறை ஒரு கேள்வி கூடுதல்: சர்வர் கடைசியாக எப்போது தொடங்கப்பட்டது? ஜாவியா ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்துத் தட்டினார்.

"தம்பி, இங்க வா. கடைசி ஒட்டு எப்ப வந்துச்சு?"

"ஆகஸ்ட்டுலக்கா."

"தெங்கிரி எப்பலேர்ந்து ஓடுது? படி."

படித்தேன். போன வருடம் செப்டம்பர்.

"பதினாலு மாசமா ஒரு தடவகூட நிக்காம ஓடுற எஞ்சின், மூணு மாசம் முன்ன வந்த ஒட்டை எப்படிலா போட்டுக்கும்?"

வாக்கியத்துக்கு வாலாக ஒட்டும் அந்த மலாய் 'லா'வோடு எப்போதும்போலத்தான் கேட்டார், குரல் உயரவில்லை. நாற்காலியை மட்டும் பின்னால் தள்ளினார்.

[ஓரக்குறிப்பு: புதிய எஞ்சின் ஞாயிறுதோறும் தானாக சர்வரின் வன்வட்டில் வந்து இறங்கிவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் புதியது ஓடும். கிரேன் நின்றுபோகும் என்று பயந்து அந்தத் தானியங்கித் தொடக்கத்தை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். ஜாவியாவின் ஸ்கிரிப்ட் ஓடுகிற எஞ்சினிடம் கேட்கவே இல்லை. புதியதோடு சேர்ந்து வட்டில் கிடக்கும் சின்னக் கருவியிடம் எண்ணைக் கேட்டிருக்கிறது. ஷிப்ட் பலகையில் புது ஆள் பெயர் இருக்க, கிரேன் கூண்டில் போன வருடத்து ஆள் உட்கார்ந்திருப்பதுபோல. பலகையைப் படித்துவிட்டு இரண்டு வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.]

ஸ்கிரிப்டைத் திருத்தி எஞ்சினிடமே கேட்க வைத்தார். நாற்பத்து மூன்று பச்சை. பத்தொன்பது சிவப்பு.

3

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. மேலாளர் கான், சீனர், தயாராக இருந்தார். முதல் வரைவில் அவரை மேசையைக் குத்த வைத்தேன், கத்த வைத்தேன். ஜாவியா அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"கான் கத்தவே இல்லலா. கத்தியிருந்தா சுலபமா ஜெயிச்சிருப்பேன். அவரு மெதுவாப் பேசினாரு. அதுதான் பயம்."

ஆகவே திரும்ப எழுதுகிறேன், மெதுவாக.

"ஜா, பழைய தாள் பச்சையாத்தானே இருக்கு?"

"பச்சைதான் பாஸ். ஆனா பொய்."

"அதையே குடு. ஞாயித்துக்கிழம நிதானமா சரிபண்ணிக்க."

"கையெழுத்து என்னுது."

"ரெண்டு வருஷமா உன்னுதுதான்."

[இந்த இடத்தில் "அறையில் ஒரு மௌனம் பரவி—" என்று எழுதினேன். பரவவில்லை. ஏ.சி. சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.]

"அது தெரியாமப் போட்டது பாஸ். இது தெரிஞ்சு போடுறது. ஜும்மா தொழுகை நேரத்துல முடிச்சிடுறேன்."

கான் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டே முக்கால்வரை சுங்க கவுண்டர் மூடியிருக்கும். விடுவிப்புத் தாள் இல்லாமல் பெட்டி வெளியே போகாது. லாரிகள் பாதிக்கு மேல் மசூதி வேலி ஓரம் அணைந்து நிற்கும். வாரம் ஏழு நாளும் ஓடுகிற வாயில் பகல் வெளிச்சத்தில் மூச்சு விடுகிற ஒரே நேரம் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகூட அப்படி இருக்காது, அன்றைக்குக் கப்பல் சரக்கு இறங்கும்.

"ஒரு லாரி நின்னாலும், திங்கக்கிழம நீ வீட்டுல" என்றார் கான். அப்புறம் என்னைப் பார்த்தார். "இவனும். இன்னொன்னு ஜா, பழைய தாளைப் பத்தி மேல யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

சாப்பிடப் போய்விட்டார்.

4

[நீக்கப்பட்டது. ஜாவியா கழிப்பறையில் அழுவதாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். "நான் எங்கலா அழுதேன்? நாசி லெமாக் தின்னேன்" என்றார்.]

5

குழுவின் மற்ற இருவரும் தொழுகைக்குப் போய்விட்டார்கள். அறையில் ஜாவியாவும் நானும் மட்டும். அவர் கையில் விசைப்பலகை, என் கையில் வாயில் போன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தொடங்கினார். நிறுத்து. தொடங்கு. எண்ணைக் கேள். கெம்போங் விழுந்து எழுந்தது, பச்சை. பாவால், பச்சை. செலார் எழுந்திருக்க ஒரு நிமிடம் எடுத்தது. ஜாவியா அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், உடனே அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டார், அது எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் எடைமேடைக்குப் போன் போட்டு "ஓடுதா?" என்று கேட்டேன். அங்கே மேற்பார்வை பூமாலை அண்ணன்.

"என்னா தம்பி, நாலு தடவ போனு? உன் வேல போச்சா, எங்கூடப் பேசிப் பொழுது போக்குறியா?"

"திரை ஓடுதான்னு சொல்லுண்ணே."

"ஓடுதுடா. நீ ஓடாம இரு."

ஒன்று ஐம்பத்தைந்துக்குப் பதினெட்டு முடிந்தது. மிச்சம் தெங்கிரி.

ஜாவியா நிறுத்தச் சொன்னார். அது நிற்கவில்லை. திரையில் ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, இன்னொன்று. மென்மையாக நிறுத்தச் சொன்னால் உள்ளே இருக்கிற கடைசி ஆள் வெளியேறும்வரை எஞ்சின் காத்திருக்கும். புது ஆளையும் உள்ளே விடாது. வாயில் திரை உறைந்தது. வெளியே மூன்று லாரிகள், தாள் ஏற்கெனவே கையில் உள்ளவை, வந்துகொண்டிருந்தன.

"யாரோ பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குறான்" என்றார். யாரென்று கேட்டார், தெங்கிரியே பெயரைச் சொன்னது. கான் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவி. பெட்டிக் கணக்கை நாள் பூரா காட்டிக்கொண்டிருப்பது.

போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"பாஸ், உங்க டிவி தெங்கிரிய விட மாட்டேங்குது. வெட்டட்டா?"

"வெட்டாத! அது டைரக்டர் பாக்குறது." கிண்ணம் மோதும் சத்தம் கேட்டது. பாக் குட் தே கடை, பூண்டு போட்ட பன்றி எலும்புச் சூப்பு.

"டைரக்டர் இப்ப எங்க?"

"என் எதுத்தாப்ல. எலும்பு கடிச்சிக்கிட்டு இருக்காரு."

"அப்ப யாருமே பாக்கல" என்றார் ஜாவியா. ஒரு வரி அடித்தார். கான் அறைக் கண்ணாடிக்கு அப்பால் டிவி கறுத்தது. தெங்கிரி பதினாலு மாதத்தில் முதல் முறையாக நின்றது.

தொடங்கச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எழுந்தபோது சத்தம் எதுவும் வரவில்லை. "தயார்" என்று ஒரு சொல். எண்ணைக் கேட்டார். புதிய எண்.

பிறகு முழு ஸ்கிரிப்டையும் ஓட்டினார். அறுபத்திரண்டு வரி. பச்சை மேலிருந்து கீழே ஓடிவந்தது, ஒன்று, பத்து, முப்பது, ஐம்பத்தெட்டு. ஒவ்வொன்றும் எஞ்சினின் வாயாலேயே சொன்னது. இரண்டு வருடத்தில் முதல் உண்மையான பச்சை. ஜாவியா எழுந்து மேசையை இரண்டு கையாலும் அறைந்தார். "எல்லா மீனும் தண்ணியிலதான்லா!" என்று கூவினார். தலைத்துணி காதுக்கு மேல் ஏறியிருந்தது. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, தமிழ்தான்.

பூமாலை அண்ணனுக்குப் போட்டேன். "லாரி ஏதாச்சும் நின்னுச்சாண்ணே?"

"திரை கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. வெத்தல எடுத்துச் சுண்ணாம்பு தடவுனேன், அதுக்குள்ள வந்துருச்சு. லாரி வந்து நிக்குறதுக்கு முன்னயே. ஏன்டா?"

"ஒண்ணுமில்லண்ணே. வெத்தலய மெல்லு."

6

இப்போது தணிக்கையாளர். என் வரைவில் அவர் தாளை ஒதுக்கிவிட்டு, "எனக்கு முன்னால கேளுங்க" என்கிறார், ஜாவியா தட்டுகிறார், உண்மை வெல்கிறது. நல்ல காட்சி. நடக்கவில்லை. அந்தப் பெண்மணி தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "கறிபாப் சூடாவா இருக்கு?" என்று கேட்டார். மொத்தம் பதினோரு நிமிடம். எனக்கு ஆத்திரம் வந்தது.

"அவங்க பாக்காட்டியும் தெங்கிரி புதுசுதான்லா" என்றார் ஜாவியா, வாயில் கறிபாப்போடு. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்புறம் படிவத்தின் கடைசிப் பக்கம். ஒரு கட்டம். முந்தைய அறிக்கைகளில் பிழை உண்டா? இருந்தால் எழுதுக.

கான் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஜாவியா பேனாவை எடுத்தார். நான் இருந்த பக்கத்திலிருந்து அவர் முழங்கைதான் தெரிந்தது. அது அசைந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இல்லை" என்று எழுதவும் முழங்கை அசையும். தணிக்கையாளர் படிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்தார். கான் தன் அறைக்குப் போய், டிவியைத் தானே திரும்பப் போட்டார்.

7

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் கட்டத்தில் ஒரே சொல்: இல்லை. மற்றதில் மூன்று வரி, தேதிகளோடு, பத்தொன்பது மீன்களின் பெயரோடு. இரண்டையும் ஜாவியாவிடம் காட்டினேன். இரண்டையும் பொறுமையாகப் படித்தார்.

"ரெண்டும் நல்லாருக்கு. சொல்ல மாட்டேன்."

"கதையை எப்படிக்கா முடிக்கிறது?"

"படிக்கிறவங்களுக்குக் கை இல்லையா?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிரிவைக் கலைக்கவில்லை. மூன்று பேரும் அதே நாற்காலிகளில் இருக்கிறார்கள். வெள்ளிதோறும் ஜும்மா நேரத்தில் அறுபத்திரண்டும் கேட்கப்படுகின்றன, எஞ்சினிடமே. அந்தக் கட்டம் மட்டும் எனக்குத் தெரியாது. காலியாகவே உங்களிடம் தருகிறேன்.

நாலு விரல் அகலம். நீல மைப் பேனா. முதுகுக்குப் பின்னால் கான் நிற்கிறார், மூச்சில் பூண்டு வாசனை. திரையில் அறுபத்திரண்டும் பச்சை, அத்தனையும் நிஜம்.

எழுதுங்கள்.