ஓடும் நிலையில் உள்ள படகு

படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் தண்ணீரைப் படகில் இறக்க வேண்டும் என்று ஃபிட்டர் சொல்லியிருந்தான். உள்ளிருந்து எங்கே ஒழுகுகிறதோ, அங்கேதான் வெளியிலிருந்தும் ஒழுகும். அதனால் அவன் மனைவி காலையிலிருந்து தெருக்குழாய்க்கும் வீட்டின் பின்புறத்துக்குமாக வாளி சுமந்துகொண்டிருந்தாள். காலி டிரம்களின் மேல் தடித்த பலகைகளைப் போட்டு உட்காரவைத்திருந்த அந்தப் பழைய அலுமினியப் படகு எத்தனை ஊற்றினாலும் வாங்கிக்கொண்டது. அறுபதுக்கு மேல் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஃபிட்டர் அடியில் மல்லாந்து கிடந்து, சொட்டுகிற இடங்களில் சாக்கட்டியால் வட்டம் போட்டான். இடது கையால் போட்ட வட்டங்கள். ஒன்றுகூட வட்டமாக இல்லை.

"இன்னும் எவ்வளவுங்க?"

"ஒரு சாண் நிக்கணும்."

"யாரு கைக்கு ஒரு சாண்?"

"உன் கைக்குத்தான். என் கையில அளந்தா இப்பவே நிறுத்திடலாம்."

அவள் சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் குழாயடிக்குப் போனாள். அவன் வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நாலையும் படகுப் பட்டறையின் தகடு உருட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது. பதினோரு வருஷம் அவன் ஓட்டிய மெஷின். இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு தொழிலாளர் அலுவலகத்தில் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பிய வாரத்தில் பட்டறை மேனேஜர் ஒரு டிராக்டரில் இந்தப் படகை அனுப்பிவைத்தார். கூடவே, "ஏதோ எங்களால முடிஞ்சது" என்று சொல்லியனுப்பியிருந்தார். அடித்தகட்டில் ஊசி நுழைகிற ஓட்டைகள் இருந்தன. என்ஜின் இல்லை. இருக்கைகளுக்கு அடியில் மிதப்புக்காக வைத்திருந்த நுரைப்பலகை தண்ணீர் குடித்து, ஆள் கனம் கனத்தது. படகுக்குள் புல் முளைத்திருந்தது. ஒரு தவளையும் குடியிருந்தது. டிராக்டர்காரன் படகைத் தள்ளிவிட்டுப் போன இரைச்சலில்கூட அது வெளியே வரவில்லை.

பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் அவள் சொன்னாள். ஃபிட்டர் ஒரு வாரம் படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். அக்கரையிலிருந்து வேலைக்கு வருகிறவர்களை ஏற்றிவந்த கிழட்டு மரப்படகு நின்றுபோயிருந்தது. நகராட்சி புதிதாக ஒருவருக்கு உரிமம் தரப்போகிறது என்று பேச்சு வந்தது. ஓடுகிற படகும் ஆய்வுச் சான்றும் வைத்திருப்பவர்கள் அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்குள் மனுப் போடலாம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அவள் தவளையைப் பிடித்துச் சாக்கடை ஓரத்தில் விட்டாள்.

சாக்கட்டி வட்டங்கள் முப்பத்தொன்று இருந்தன. அவற்றில் நாலு, படகின் பின்பலகையில் அடித்திருந்த ஒரு சின்னத் தகட்டின் நாலு மூலைகளில். உள்ளங்கை அளவுத் தகடு. பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தது. கீழே ஏதோ எண் இருந்தது.

"ஒண்ணுக்கும் உதவாத தகட்டுக்கு நாலு ஓட்டை போட்டு வச்சிருக்கான் பாரு" என்றான் ஃபிட்டர். அதைத் துளைத்து எடுத்துவிட்டு, ஓட்டைகளை அடைத்து, மேலே ஒரு அலுமினியத் துண்டு வைத்துத் தேய்த்தான். அங்கே ஒரு தகடு இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கழற்றிய தகடு மற்ற அரித்துப்போன துண்டுகளோடு சாக்கில் ஏறிப் பழைய இரும்புக் கடைக்குப் போனது. வந்த காசில் ஒரு பொட்டலம் ரிவிட் ஆணி வாங்கினார்கள்.

ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று தலையில் அடிக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே அதன் வாலுக்கு நேராக இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். ஃபிட்டரால் சுத்தியலைக் குறிதவறாமல் வீச முடியவில்லை. இடது கை அடி தகட்டில் விழுந்து பள்ளம் போட்டது. மூன்றாவது பள்ளத்தில் சுத்தியலை அவள் வாங்கிக்கொண்டாள். அவன் கவிழ்த்த படகுக்குள் ஊர்ந்து போய், ஒரு தண்டவாளத் துண்டை இடது கையால் நெஞ்சோடு அணைத்து முட்டுக்கொடுத்தான். உள்ளே பேசினால் வெளியே கேட்காது. அதனால் கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய கையின் முட்டியால் தகட்டில் தட்டினான். ஒரு தட்டுக்கு இன்னும் அடி, இரண்டு தட்டுக்குப் போதும்.

முதல் நாள் அவள் ஏழு ரிவிட்தான் அடித்தாள். மறுநாள், அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுக்கும்போது தோளைத் தூக்க முடியவில்லை. அடுத்த வாரம் இருபது அடித்தாள். அதற்குப் பிறகு ஒரு தட்டு வருவது குறைந்தது. இரண்டு தட்டு எப்போது வரும் என்று சுத்தியலுக்கே தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெயிண்டர் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பான். வாய் ஓயாததால் தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"அண்ணே, அண்ணிகிட்ட சுத்தியலக் குடுத்துட்டு நீங்க குனிஞ்சு உள்ள போறீங்களே, தைரியம்தான்!"

"உன்னை மாதிரி ஆளுக்கு வெளியே இருந்தாலும் அடி விழும்டா" என்றது படகு.

ரேடியோ ஒரு நாள் கப்பல் துறையிலிருந்து அரை டின் சிவப்புப் பெயிண்ட் கொண்டுவந்தான். கப்பலின் அடியில் பூசுவது. பாசி பிடிக்காது, காசும் வேண்டாம் என்றான். ஃபிட்டர் மூடியைத் திறந்து மோந்தான். குச்சியால் கிளறினான். பிறகு மூடியை அழுத்தி மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"இதுல தாமிரம் இருக்கு. அலுமினியத்துல பட்டா ஆறே மாசத்துல சல்லடையாக்கிடும்."

"ஓசின்னா உங்களுக்கு ஒத்துக்காதே!"

"ஓசியில வந்ததுதானேடா இந்தப் படகே."

என்ஜின் ஓசியில் வரவில்லை. அவளுடைய தையல் மெஷின் வீட்டைவிட்டுப் போனது. அதற்குப் பதிலாக ஒரு இறுகிப்போன பழைய என்ஜின் வந்தது. பிஸ்டனை ஒன்பது நாள் டீசலில் ஊறவைத்தார்கள். பத்தாம் நாள் கயிற்றை அவள் இழுத்தாள். பதினைந்தாவது இழுப்பில் அது இருமியது. அந்த இருமல் தெருமுனை வரை கேட்டதாக ரேடியோ அன்றெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆய்வாளர் வந்தது புதன்கிழமை. படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். அடித்தளத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி காய்ந்தே இருந்தது. ரிவிட் வரிசையில் விரலை ஓடவிட்டு, "யாரு அடிச்சது?" என்று கேட்டார். ஃபிட்டர் மனைவியைக் காட்டினான். அவர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் பின்பலகைக்கு வந்தார். அங்கேயே நின்றார்.

"இங்க ஒரு தகடு இருந்திருக்கணுமே. படகு நம்பர் தகடு."

ஃபிட்டர் அடைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். 

"அது ஒழுகுச்சு சார்" என்றாள் அவள். "அதான் எடுத்துட்டோம்."

"எடுத்து?"

"வித்துட்டோம்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "வேலை சுத்தமா இருக்கும்மா. ஆனா நம்பர் இல்லாத படகுக்கு நான் என்னன்னு சான்று எழுதறது? நாளைக்கு ஒருத்தன் வந்து இது என்னுதுன்னு சொன்னா? யாருகிட்ட வாங்கினீங்களோ அவங்க பதிவேட்டுல நம்பர் இருக்கும். ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி வரை ஆபீஸ்லதான் இருப்பேன்."

அந்த நம்பர் தகட்டை ஒன்றுக்கும் உதவாதது என்று கழற்றியவன் ஃபிட்டர்தான். பெயிண்டில் தாமிரம் இருப்பதை மோந்து பார்த்துச் சொன்னவன்.

மனுவுக்குக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலை பட்டறை அலுவலகத்தில் மேனேஜர் இருவரையும் உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் ஃபிட்டர் உட்கார்ந்ததில்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான்.

"என்ன ஃபிட்டரே, படகு பறக்குதாமே! கேள்விப்பட்டேன். கைராசின்னா உங்க கைராசிதான்."

முந்தைய நாள் கேட்டிருந்த கடிதம் தயாராக இருந்தது. படகின் எண் அதில் முழுசாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு தாள். மேனேஜர் இரண்டையும் சேர்த்தே மேஜையில் நகர்த்தினார். முதல் தாளின் மேல் தன் பேனாவை வைத்தார். அவள் இரண்டாவதை உருவி, உதடு அசையப் படித்தாள்.

'நன்கு ஓடும் நிலையில் உள்ள இயந்திரப் படகு ஒன்றை, எனது வலது கைக் காயத்துக்கான முழு இழப்பீடாகப் பெற்றுக்கொண்டேன். தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்துள்ள வழக்கைத் திரும்பப் பெறுகிறேன். இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.'

"சார், நீங்க குடுக்கும்போது இது ஓடலையே. உள்ள புல்லு முளைச்சிருந்துச்சு."

"இப்ப ஓடுதா இல்லையா?"

"ஓட வச்சது நாங்க."

"யாரும்மா இல்லைன்னது? குடுத்தது யாருன்னுதானே இதுல எழுதியிருக்கு."

"என்ஜின்கூட நாங்க வாங்கினது."

"அப்போ வழக்கை நடத்துங்க" என்றார் மேனேஜர், தணிந்த குரலில். "நான் வேண்டாம்னா சொல்றேன்? வழக்கு முடிஞ்சதும் வந்து கடிதம் வாங்கிக்கோங்க. படகு எங்க ஓடிடப்போகுது?"

வழக்கு நாலு தடவை தள்ளிப்போயிருந்தது. நாலு தடவையும் பட்டறையின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை.

இருவரும் வெளியே நடைவழிக்கு வந்தார்கள். கீழே பட்டறையில் தகடு உருட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"புது ஆளு. தகட்டைக் கோணலா விடறான்."

"அவனை விடுங்க. கையெழுத்துப் போடாதீங்க. நாலு வருஷம் ஆனாலும் ஆகட்டும்."

"நாலு வருஷம் சோறு?"

"நான் போறேன்ல வேலைக்கு."

"உன் தோள் தாங்குமா?"

"என் தோளைப் பத்தி நான் பாத்துக்கறேன்."

"போன வாரம் குழம்புச் சட்டியை ரெண்டு கையாலயும் இறக்கின. நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

 சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. ஆய்வு அலுவலகத்துக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். ஃபிட்டர் அவளைத் தாண்டி உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்து அவளும் போனாள்.

இடது கையால் அவன் பெயரை எழுதி முடிக்க நேரம் பிடித்தது. குமாஸ்தா தாளை எடுத்துக்கொண்டு பழைய சம்பளப் பதிவேட்டை விரித்தார். அதில் மாதத்துக்கு ஒன்றாக, ஒரே மாதிரி, ஃபிட்டரின் சாய்வான நல்ல கையெழுத்து.

"ரெண்டும் ஒத்துப்போகலையே சார். ஒரே ஆளுன்னு யாரு ஒத்துக்குவா?"

மேனேஜர் நிமிரவில்லை. "ரேகை வச்சுடுங்க."

குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்தார். ஃபிட்டர் இடது கட்டைவிரலை மையில் ஒற்றினான். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அது நகராமலிருக்க வலது கையை அதன் மேல் வைத்தான்.

"அந்தக் கையை எடுங்க" என்றார் குமாஸ்தா. "எழுத்து மறையுது."

அவன் எடுத்தான். தாள் மறுபடியும் தூக்கியது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளின் மேல் விளிம்பில் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.