எறும்பு விழுந்தால்

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அப்பா, தலைமாட்டில் மகள், கால்மாட்டில் அவளுடைய தம்பி, ஜன்னலோரம் சம்பளத்துக்கு வந்த நர்ஸ். தம்பி வந்திருப்பது அப்பாவுக்குத் தெரியாது. பார்வை போய்விட்டிருந்தது. தம்பியும் வாய் திறக்கவில்லை.

மகள் ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்தாள். அவர் பஞ்சைத் தள்ளிவிட்டார். தண்ணீர் வேண்டாம், பங்கு விலை வேண்டும்.

பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். யாரும் திரும்பிப் பார்க்காத சின்னக் கம்பெனிகளின் பங்குகளை, அவற்றின் சொத்து மதிப்பைவிட மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப் போடுவார். பசை, வால்வு, அட்டைப்பெட்டி செய்கிறவை. தம்பி பெரிய டெக் கம்பெனிகளைத் தவிர எதையும் தொட மாட்டான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பான். செத்த யானையில் நாற்றம்தான் மிச்சம், எறும்பு எங்கிருந்து விழுந்தாலும் அடிபடாது என்பார் அப்பா. சாப்பாட்டு மேஜையில் தினமும் இதே பேச்சு. மகள் பரிமாறுவாள். பல வருஷமாக அவருக்கு விலை படித்துச் சொன்னவளும் அவள்தான். நீ என்ன நினைக்கிறாய் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சந்தை சரிந்தது. தம்பி கடனுக்கு யானை வாங்கியிருந்தான். கடன் கொடுத்தவர்கள் அதை அடிமாட்டு விலைக்கு விற்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் கடன் அடையாமல் அவன் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. உதவி கேட்டு வந்தவனை அப்பா உட்காரச் சொல்லவில்லை. "பாகன் வந்திருக்கான். யானைய எங்க கட்டினான்னு கேளு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். பங்குகள் முழுவதையும் மகள் பேருக்கு எழுதிவைத்தார்.

"எறும்பு எப்படிம்மா இருக்கு?"

அவள் போனை எடுத்தாள். சந்தை இன்னும் தரையில்தான் கிடந்தது. அப்பாவின் பங்குகள் மட்டும் ஏறி, பச்சையாக இருந்தன. வால்வு கம்பெனி சரிவுக்கு முந்திய விலையையே தாண்டியிருந்தது. தம்பி ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினான்.

"எல்லாம் போச்சுப்பா. விக்கலாம்னா வாங்க ஆள் இல்ல."

"வால்வு?"

"அதுதான் மொதல்ல."

"யானை?"

"எழுந்திரிச்சிடுச்சு."

அப்பாவின் கை போர்வையின் மேல் எதையோ தேடியது. அவள் தன் கையைக் கொடுக்கவில்லை.

"அவன்கிட்ட சொல்லிடாத" என்றார். "சிரிப்பான்."

தம்பி சிரிக்கத்தான் செய்தான், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. நர்ஸ் தலை தூக்கிப் பார்த்தாள். தனக்கெதற்கு என்று மறுபடி துணி மடித்தாள். மதியம் அப்பாவின் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் தம்பி கிளம்பவில்லை. வாசலில் நின்று சுற்றி வளைத்துக் கேட்டான். பாதி வேண்டாம், வீட்டை மீட்கிற அளவுக்கு வால்வை மட்டும் விற்றால் போதும் என்றான். இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் என்கிற உரிமை குரலில் இருந்தது.

"என்னத்தடா விக்கிறது? எல்லாம் போச்சுன்னு சொன்னேனே. நீயும் அங்கதானே நின்ன."

"அக்கா, நான் பார்த்தேன்க்கா."

"அப்ப ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

மழை வருகிற மாதிரி இருக்கிறது, கிளம்பு என்றாள். அவன் படியிறங்கி, குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு முறை திருப்பினாள்.