மீதி நாற்பத்தெட்டு மாத்திரை

எங்கள் அப்பா போதகர். நான் மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமி பார்ப்பவள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் பதினெட்டு வருடம் மனஸ்தாபம் இல்லாமல் காலம் தள்ளினோம் என்றால் அதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சபையில் ஞாயிறு பள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு நாளில் உலகம் உண்டான பாடம். முன்வரிசையில் ஒரு வாயாடிப் பெண், டைனோசர் எந்த நாளில் வந்தது டீச்சர் என்று கேட்டாள். தெரிந்ததை எல்லாம் கொட்டிவிடும் வயது எனக்கு. அந்த நாள் நம்முடைய நாள் மாதிரி இருக்க வேண்டியதில்லை, கடவுள் கோடிக்கணக்கான வருடம் எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றாக உயிர்களை வரச் செய்திருக்கலாம், நாமும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான் என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சாயங்காலத்துக்குள் நான்கு பெற்றோர் எங்கள் வாசலில் நின்றார்கள். போதகர் மகளே நம்மைக் குரங்கு என்கிறாளாமே என்று கேட்டார்கள். நான் குரங்கு என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எல்லார் காதிலும் விழுவது அந்த ஒரு வார்த்தைதான்.

அவர்கள் போன பிறகு அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் மனசுல என்ன வேணா இருக்கட்டும்மா. இந்த வீட்லயும் சபையிலயும் அத வாயால சொல்லாத" என்றார். சரிப்பா என்றேன். ஞாயிறு பள்ளியை வேறு யாரோ எடுத்தார்கள். நான் பின்வரிசைக்குப் போனேன்.

கோவிலுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. சத்தமாக ஜெபிப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். வீட்டு ஜெபத்தில் என் முறை வரும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அப்பா ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அம்மா இருந்தவரை அம்மா. அதன்பின் தம்பி. தம்பி அப்பாவிடமே பயிற்சி பெற்று, அதே சபையில் உதவிப் போதகராகவும் ஆகிவிட்டான். அவனுடைய ஜெபம் நீளம். நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. போன வருடம் வலது கால் கட்டை விரலில் ஒரு புண் வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் காலோடு நின்று பிரசங்கம் பண்ணிக்கொண்டே இருந்தார். காய்ச்சல் வந்து கால் வீங்கிய பிறகுதான் இழுத்துக்கொண்டு போனேன். எலும்பு வரை போயிருக்கிறது என்றார் அறுவை டாக்டர். புண்ணைச் சுத்தம் செய்து, சீழை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

கிருமி வளர்க்கும் தட்டில் பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். அப்பாவுடைய நம்பர் எனக்குத் தெரியாதா? மறுநாள் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருந்தது. ஆனால் சோதனைக்கு அதன்மேல் வைத்திருந்த ஒவ்வொரு மருந்து வில்லையைச் சுற்றியும் ஒன்றும் முளைக்காத வெற்று வட்டம், அகலமாக, சுத்தமாக இருந்தது. சாதாரண மாத்திரைக்கே சாகும் கிருமி. ஆறு வாரம், காலை ஒன்று மாலை ஒன்று என்று எண்பத்துநான்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தேன்.

பதினெட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காய்ச்சல் போயிருந்தது, வீக்கம் வடிந்திருந்தது. அப்பா யாருடைய தோளையும் பிடிக்காமல் நடந்து போய் பிரசங்க மேடையில் ஏறி, ஆண்டவர் என்னைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னார். சபை முழுக்க அழுதது. பின்வரிசையில் நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அன்று மாலையோடு அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

இதை வெளியாள் யாருக்கும் புரியவைப்பது கஷ்டம். அப்பா மருந்துக்கு எதிரி இல்லை. ஜெபம் பண்ணினேன், டாக்டரிடம் போகவில்லை என்று யாராவது பெருமையடித்தால் அவர்தான் முதலில் திட்டுவார். ஆனால் எங்கள் சபையில் சாட்சி என்பது முடிந்துபோன காரியத்தைப் பற்றிச் சொல்வது. சுகமாகிக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் மேடையில் சொல்வதில்லை. சுகமாக்கினார் என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதே நோவுக்கு மாத்திரை முழுங்கினால், சொன்னது பொய் என்று ஆகிவிடும். நேர்மையில்லாத போதகராக இருந்திருந்தால் அப்பா இன்றைக்கு இரண்டு காலோடு இருப்பார்.

இரண்டு நாள் கழித்து அலமாரியில் அட்டைகளைப் பார்த்தேன். எண்ணினேன். நாற்பத்தெட்டு. அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டி, முடிக்க வேண்டும் என்றேன். தம்பியும் அங்கே உட்கார்ந்திருந்தான். அப்பா பிடிவாதம் ஏதும் பிடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, இன்னும் எதற்கு என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தினமும் எட்டு மணி நேரம் நான் பார்ப்பதே அந்தப் பதிலைத்தான். கோடிக் கிருமியில் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றிரண்டு கொஞ்சம் மாறிப் பிறந்திருக்கும். மருந்து முதலில் கொல்வது சாதுவானவற்றை. பாதியில் நிறுத்தினால் மிஞ்சுவது முரடுகள். பிறகு அவை பெருகி, அவற்றின் வம்சம்தான் அந்த இடம் முழுக்க. சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். ஆனால் மாறிப் பிறப்பது, மிஞ்சுவது, வம்சமாவது என்று ஆரம்பித்தால் தம்பி நேரே அந்தக் குரங்கில் போய் நிற்பான் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் கட்டிக் காத்த ஒப்பந்தம் வேறு. எல்லாவற்றையும் மென்று முழுங்கிவிட்டு, "அது அப்படித்தாம்பா. டாக்டர் சொன்னா கேக்கணும்" என்றேன்.

அப்பா சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கித் தலையணைக்கு அருகில் வைத்தார், அதிலிருந்து ஒன்றும் போடவில்லை. டாக்டரிடமாவது நான் சொல்லியிருக்கலாம். அப்பாவைக் காட்டிக்கொடுப்பது போல் இருக்கும் என்று அதையும் விட்டேன். என்னைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டே மாதத்தில் கால் கறுத்தது.

மறுபடியும் சீழ், மறுபடியும் தட்டு. இந்த முறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த மாத்திரையின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து, ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. பக்கத்து வில்லைகளிலும் ஏறக்குறைய அதே கதை. கூட வேலை பார்ப்பவள் எட்டிப் பார்த்து, யாரோ பாதியில் மருந்தை விட்டிருக்கிறார்கள் என்றாள். நான் ஆமாம் என்றேன். குளியலறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து ரிசல்ட்டை எழுதினேன்.

முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும், நாளைக் காலைக்குள் எடுக்காவிட்டால் ரத்தத்தில் பரவிவிடும் என்று டாக்டர் மத்தியானம் சொன்னார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். காலுக்காக அவர் அழவில்லை. ஆண்டவர் சுகமாக்கினது திரும்பி வராது; திரும்பி வந்தது என்றால் என்னிடத்தில் ஏதோ பாவம், இது தண்டனை, தண்டனையை வெட்டிக்கொண்டு தப்பிக்க மாட்டேன் என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு மருந்து போட்டிருக்காது, பாவம்.

தம்பி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். சபை முழுக்க உபவாசம் இருக்கப்போகிறது என்றான். யார் மனதிலாவது மறைவான பாவம் இருக்கிறதா என்று எல்லாரும் ஆராய்ந்து பார்க்கிறார்களாம். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்குள்ளயே அவிசுவாசம் இருந்தா எப்படிக்கா சுகம் தங்கும்?" என்றான்.

எனக்குக் கை ஓங்கத் தோன்றியது. நான் தூக்கி வளர்த்த பயல். ஆனால் அவன் கண்ணும் அழுது சிவந்திருந்தது. அவனை உபவாசத்துக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, போனில் நான் எடுத்து வைத்திருந்த இரண்டு தட்டுகளின் படத்தையும் அவர் முன் நீட்டினேன். ரெண்டும் உங்க கால்தான்பா என்றேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். முதல் தட்டில் வெற்று வட்டங்கள், இரண்டாவதில் ஒன்றுமில்லை. பிறகு, அட்டையை நீட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் சொன்னேன். மாறிப் பிறந்தது, மிஞ்சியது, பெருகியது. தண்டனை இல்லை அப்பா, ஆண்டவர் உங்களைக் கைவிட்டதும் இல்லை, உலகத்தில் உயிர் நடந்துகொள்ளும் விதமே இதுதான் என்றேன். நாற்பத்தெட்டு மாத்திரை போட்டிருந்தால் அந்த முரடுகளும் செத்திருக்கும் என்றும் சொன்னேன்.

அவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்பா."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க வாயால சொல்லாதன்னு சொல்லியிருந்தீங்க."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி மார்பின் மேல் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருந்தது வெட்கம். உன் வாயைக் கட்டியது நான்தான் என்று மட்டும் சொன்னார். சத்தமே வரவில்லை, உதட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

வார்டில் சாயங்கால டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார், கிருமிக்கு மட்டுமா இப்படி என்று. இல்லை, எல்லா உயிருக்கும்தான் என்றேன். கிருமி மாறினாலும் கிருமிதானே என்று தம்பி சொல்லுவானே என்றார். அவன் சொல்லுவான், ஆனால் கோடி வருடம் கொடுத்தால் கிருமி கிருமியாகவே இருக்காது என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். ஆறு நாளா கோடி வருடமா என்பது அவரை வாட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் நான் அதற்குத்தான் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"அப்போ சாவு முதல்லருந்தே இருந்துச்சா?" என்றார். "மனுஷன் பாவம் பண்ணதுக்கு அப்புறந்தான் சாவு வந்துச்சுன்னு முப்பது வருஷமா அடக்க ஆராதனைல சொல்லியிருக்கேன்மா. சின்னச் சின்னப் பெட்டிக்கு முன்னால நின்னு, அதப் பெத்தவங்க கிட்ட சொல்லியிருக்கேன். ஆண்டவர் இதக் கேக்கல, இது நாம கொண்டு வந்ததுன்னு. அவரே இப்படித்தான் படைச்சார்னா அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். என்னை அரிப்பதும் அதே கேள்விதான். மிஞ்சிய கிருமியின் தட்டைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம், இதன் கணக்கில் செத்தவை எத்தனை, இதனால் சாகப்போகிறவர்கள் எத்தனை, இந்த வழியைத் தேர்ந்தெடுத்தவரைத்தான் நான் ஞாயிறுதோறும் அன்பானவர் என்று பாடுகிறேனா என்று தோன்றும். சில நாள் பாட்டில் அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள்வேன். இதையும் அப்பாவிடம் சொன்னேன். முதல் தடவையாக.

அப்படி இருந்தும் நம்புகிறாயா என்று கேட்டார். தினமும் காலையில் தட்டுகள் வைக்கும் இன்குபேட்டர் கதவைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். எதற்காக என்றார். அதுவும் தெரியவில்லை, ஆனால் ஒருநாளும் விட்டதில்லை, நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை என்றேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சுட்டது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சம்மதத் தாளைக் கொண்டுவரச் சொல்லு என்றார். நர்ஸ் கொண்டுவந்தாள். அப்பா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

காலையில் தம்பி சபை மூப்பர்கள் இரண்டு பேரோடு வந்தான். கையெழுத்து ஆகிவிட்டது என்று தெரிந்ததும் அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் அப்பாவின் தலையில் கை வைத்து ஜெபத்தை ஆரம்பிக்கக் கண்ணை மூடினான். தள்ளுக்கட்டில் வந்து நின்றது. அப்பா அவன் கையை மெதுவாக எடுத்துக் கீழே வைத்து, "இன்னைக்கு அக்கா பண்ணட்டும்" என்றார்.

மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கேட்க நான் ஜெபித்துப் பதினெட்டு வருடம். எங்கள் சபையில் ஜெபத்துக்கு என்று ஒரு தமிழ் உண்டு, ஸ்தோத்திரத்தில் தொடங்கி நன்றியில் முடியும். அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு வாயில் வரவில்லை. கையைக் கட்டிலின் கம்பியில் வைத்துக்கொண்டு, மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, நீர் ஏன் எல்லாத்தையும் இப்படி உண்டாக்கினீர்னு எங்களுக்குப் புரியல. எங்க ரெண்டு பேருக்குமே புரியல."

தம்பி கண்ணைத் திறந்துவிட்டான். காலைக் காப்பாற்றும் என்று கேட்க முடியாது. உயிரைக் காப்பாற்றும் என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அப்பா, பிரசங்க மேடையில் சொல்வதைப் போல எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆமென்" என்றார்.