புது டைரக்டருக்காக ஒரு மொட்டை

மொட்டையடித்துக்கொள்ள உட்கார்ந்தவன் கண்ணாடி கேட்டான். அவள் கொடுக்கவில்லை. ரேசரை நனைத்துப் பின்கழுத்திலிருந்து ஒரே இழுப்பு. குளியலறைத் தரையில் கொத்துக் கொத்தாக விழுந்தது கணவனின் போன ஆட்சி.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கூத்தைப் பார்க்கிறாள். ஆபீசில் முதல் டைரக்டர் நடுவகிடு எடுத்தார், இவனும் எடுத்தான். அடுத்தவர் கிருதாவைத் தாடை வரை இறக்கினார்; இவனுக்கும் இறங்கியது. மூன்றாமவர் நரையை மறைக்காதவர் என்றதும், இல்லாத நரையைச் சாயம் பூசி வரவழைத்துக்கொண்ட புண்ணியவான். இப்போது வரப்போகிறவர், தலைமை அலுவலகம் அனுப்பிய போட்டோவில், பளபளவென்று வழுக்கை. மேனேஜர் நாற்காலி வேறு காலி. இந்த முறையும் தவறினால், தன்னிடம் வேலை கற்றவனுக்கே சலாம் போட வேண்டியிருக்கும் என்று புலம்பித் தீர்த்துவிட்டான். இவனுக்குச் சொந்தத் தலை என்று ஒன்று எப்போதாவது இருந்ததா என்று அவளுக்குச் சந்தேகம்.

அன்று மாலையே வரவேற்பு. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். காரிலிருந்து இறங்கிய டைரக்டரின் தலையில் கருகருவென்று, காற்றுக்கும் அசையாத முடி. டோப்பா. எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் அவர் ஷூவைப் பார்த்தார்கள்.

கைகுலுக்கிக்கொண்டே வந்தவர் மொட்டையின் முன்னால் நின்றார். முகம் சுண்டியது.

"என்ன மிஸ்டர், கிண்டலா?"

கணவனின் கண்கள் நாலாபுறமும் ஓடி, கடைசியில் அவள்மேல் வந்து நின்றன.

"ஐயோ, இல்ல சார். வைஃபுக்கு கேன்சர். ட்ரீட்மென்ட்ல முடியெல்லாம் கொட்டிடுச்சு. அவ மட்டும் ஏன் தனியா கஷ்டப்படணும்னு நானும்…"

அந்த இடத்தில் குரலைக்கூட உடைத்துக் காட்டினான். ஜலதோஷம் தவிர வேறெதுவும் வந்தறியாத அவள், நின்ற இடத்திலேயே நோயாளியானாள்.

டைரக்டர் உருகிவிட்டார். மேனேஜர் பதவி விஷயமாக நாளைக்குத் தன் அறைக்கு வரும்படி அவன் தோளைத் தட்டிச் சொன்னார். பிறகு அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்களோடது நெஜ முடி மாதிரியே இருக்கே. எங்க வாங்கினீங்க?" என்றார்.

கணவன் அவள் முழங்கையைக் கிள்ளி, காதோரம் கிசுகிசுத்தான். "ஏதாவது கடைப் பேரச் சொல்லித் தொலைடி."

அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னலை எடுத்து முன்னால் போட்டு, நுனியை டைரக்டரிடம் நீட்டினாள்.

"நீங்களே இழுத்துப் பாருங்க சார்."

டைரக்டரின் வலது கை பாதி நீண்டு அந்தரத்தில் நின்றது. இடது கை, அவரையும் அறியாமல் மேலே போய், தன் நெற்றி விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டது.