இன்னும் ஒரே ஒரு படம்

மறுபடியும் டீ கேட்டு என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது, நான் துவைத்த போர்வைகளைப் பக்கெட்டில் அள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில், பனி நாட்டிலிருந்து தெற்கே போகிற குருவி ஒன்று இறங்கியிருந்தது. நெயில்பாலிஷைக் கொட்டினாற்போலக் கழுத்தில் மட்டும் சிவப்பு. இந்தப் பக்கமே வராத பறவையாம். முதலில் பார்த்தவள் நான்தான்; அதை யார் கேட்டார்கள்? இவர் ஒரு போன் போட்டதுதான் தாமதம், பறவைச் சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு பீரங்கி மாதிரி காமிராவோடு வந்து இறங்கிவிட்டார்கள். இத்தனை வருஷமாக இவரை ஏறெடுத்தும் பார்க்காத சங்கத் தலைவர், எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்றுப் பூராவும் குருவி புதரடியில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்றுகொண்டிருந்தது. இன்று ஒரு வாய் தின்னவில்லை. தலைவர் செல்போனில் அதன் இனத்துக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேற ஆண் வந்துடுச்சுன்னு நெனச்சு சண்டைக்கு வெளிய வரும்மா. அப்ப எடுத்துடலாம்."

வந்தது. இல்லாத எதிரியைத் தேடி வேலியோரமெல்லாம் ஓடியது, நெஞ்சை நிமிர்த்திக் கத்தியது. இன்னும் கடல் தாண்ட வேண்டிய ஜீவன், வெறும் வயிற்றோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதை நிறுத்துங்க, பாவம் சாப்பிடட்டும்" என்று தன்மையாகத்தான் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. "இன்னும் ஒரே ஒரு படம்மா" என்றார்.

பக்கெட்டோடு போய், புதருக்கு முன்னால் இருந்த துணிக்கொடியில் போர்வைகளை ஒவ்வொன்றாக விரித்தேன்.

"இன்னிக்கேவா துவைக்கணும்?" காமிராவும் கையுமாக நின்ற வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

"அழுக்கு இன்னிக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

போர்வைகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி மிச்சமிருந்தது. தலைவர் நாற்காலியை அதற்கு நேராக நகர்த்திப் போட்டார். "சார், உங்க வீட்டம்மாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

"அவர்கிட்ட என்ன பேச்சு? எங்கிட்டயே சொல்லுங்க. வீடு எனக்கும்தான்."

போன் கத்திக்கொண்டே இருந்தது. பக்கெட்டில் கடைசியாக டபுள் பெட்ஷீட். ஈரத்தில் தனியாளாக விரிக்க முடியாது. ஒரு முனையை வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"பிடிங்க."

அவர் தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையை இறக்கவில்லை. ஒரு கையால்தான் பிடித்தார். மறு கை காமிராவை விடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே பெட்ஷீட் தொங்கி, தண்ணீர் அவருடைய புது ஷூவில் சொட்டிக்கொண்டிருந்தது.